சென்ட்ரலில் மூன்று நாளாக ஒரு பாட்டி, யாருக்காவது தெரியுமா?

பூங்காநகர் பாசஞ்சர் | புதன், காலை 9.50

நான் தினமும் திருவள்ளூர் லோக்கலில் வந்து மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் இறங்கி, ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனில் பீச் வண்டியைப் பிடிக்கிற ஆள். வருஷம் பன்னிரண்டு ஆகிறது. அந்தக் கூட்டத்தில் யார் முகமும் மனதில் நிற்காது. ஆனால் திங்கள் காலையில் இருந்து ஒருவரை மறக்க முடியவில்லை.

வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உருவம். கட்டம் போட்ட கைலி மாதிரி ஒன்றை இடுப்பில் சுற்றி, மேலே வெள்ளை ரவிக்கை போட்டிருந்தார். தோளில் சிவப்பு நிறத்தில் நெய்த பை. இரண்டு கன்னத்திலும் வட்டமாக, சந்தனம் மாதிரி, ஆனால் சந்தனத்தைவிட வெளிறின மஞ்சளில் ஏதோ பூசியிருந்தார். கையில் காக்கித் தாள் ஒன்று, மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோனது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி "மூர் மார்க்கெட்?" என்று மட்டும் கேட்டார். நான் தாளைப் பார்க்கவே இல்லை. எனக்கு அடுத்த வண்டிக்கு நாலு நிமிஷம். "யஹீ ஹை, யஹீ ஹை" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக் கட்டடத்தைக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் திரும்பினால் அதே தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். செவ்வாயும் அப்படியே. இன்றைக்கும். யாரையும் காசு கேட்கவில்லை, அழவும் இல்லை. வருகிற போகிற எல்லார் முகத்தையும் பார்க்கிறார், அவ்வளவுதான். யாருக்காவது ஏதாவது தெரியுமா?

ஆவடி லோக்கல் | புதன், காலை 10.15

நானும் பார்த்தேன்! டிக்கெட் மெஷின் வரிசைக்கு எதிர்த்த தூண்தானே? நான் ஏதோ சாமியார் என்று நினைத்தேன். நேற்று ஒரு போர்ட்டர் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். ஹவுரா மெயில் அன்றைக்கு லேட்டாம், ஐந்து மணி வாக்கில் வந்திருக்கிறது. முன்பதிவு இல்லாத பெட்டியில் இருந்து கடைசியாக இறங்கினது இந்தப் பாட்டிதானாம். அவரிடமும் அதே இரண்டு வார்த்தைதான். அவரும் அதே கட்டடத்தைத்தான் காட்டியிருக்கிறார்.

நள்ளிரவு வாசகன் | புதன், காலை 10.40

இதைப் படித்ததும் டோக்கியோ விமான நிலையத்துக்கு வந்தானே, 'டாரெட்' என்கிற இல்லாத நாட்டுப் பாஸ்போர்ட்டோடு, அவன் ஞாபகம் வந்துவிட்டது. ஓட்டலில் அடைத்துக் காவல் போட்டார்களாம், காலையில் பார்த்தால் ஆள் மாயம். இந்தப் பாட்டி கேட்பதும் இல்லாத இடத்தைத்தானே? மூர் மார்க்கெட் எப்போதோ போய்விட்டது. காலப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மணிக்கூண்டு | புதன், காலை 11.05

சிரித்துவிட்டேன். நண்பரே, அந்த டோக்கியோ ஆள் எங்கேயும் மாயமாகவில்லை. போலிப் பாஸ்போர்ட் கேஸில் 1960-ல் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனையும் கொடுத்தார்கள். மாயமான கதை எல்லாம் பின்னால் சேர்ந்த மசாலா.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தம்மா கேட்டது 'மூர் மார்க்கெட்'. நாம் எல்லாரும் காட்டியது 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்'. இரண்டும் ஒன்றில்லை. பழைய மூர் மார்க்கெட் 1900-ல் திறந்த செங்கல் கட்டடம், மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரில். உள்ளே சதுரமாக முற்றம், சுற்றிக் கடைகள். பழைய புத்தகம், கிராமஃபோன் தட்டு, நாணயம், பூனைக்குட்டி, கிளி, எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று என் அப்பா சொல்வார். பின்னால் மிருகக்காட்சி சாலையே இருந்தது, வண்டலூருக்குப் போவதற்கு முன்னால். 1985 மே மாதம் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் ஸ்டேஷன் நிற்கிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

(சென்ட்ரல் கட்டடம் 1873, வரைந்தவர் ஹார்டிங், மணிக்கூண்டைச் சேர்த்தவர் சிஷோம். கேட்காமலே சொல்வது என் வழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அண்ணாநகர் மேற்கு | புதன், பகல் 12.20

எல்லாரும் கதை பேசுகிறீர்கள். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு ஃபார்வர்டு வந்தது. 'வடக்கில் இருந்து வந்த பிள்ளை பிடிக்கும் கும்பல், முகத்தில் மஞ்சள் பூச்சு, ரயில் நிலையங்களில் நடமாட்டம்' என்று. கூடவே படமும். நீங்கள் சொல்லும் அதே ஆள். படத்தை இங்கே போடுகிறேன், குழந்தை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள்.

[படம் நீக்கப்பட்டது. நெறியாளர்]

கறுப்புக் கோட்டு | புதன், பகல் 12.45

நெறியாளருக்கு நன்றி, படத்தை உடனே எடுத்ததற்கு.

அண்ணாநகர் மேற்கு சார், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். 2018 மே மாதம் போளூர் பக்கத்தில் என்ன நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் இருந்து குலதெய்வம் கோயிலைத் தேடிப் போன குடும்பம். வழியில் காரை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு வயதான அம்மா ஒருவர் சாக்லேட் கொடுத்தார். இதே மாதிரி ஃபார்வர்டை நம்பிய கூட்டம் அந்த அம்மாவை அடித்தே கொன்றது. அவரும் பாட்டிதான். கொடுத்தது சாக்லேட்தான். அந்த ஃபார்வர்டை உங்கள் குழுவில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இப்போதே.

நான் முப்பத்து மூன்று வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். கடைசிப் பெட்டியில் கடைசியாக இறங்கும் வயதானவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். பாதிப் பேர் வழி தவறினவர்கள். மீதியில் சிலர், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, வீட்டில் இருப்பவர்களே டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஏற்றி விட்டவர்கள். 'அங்கே இறங்கு, மாமா வந்து கூட்டிப் போவார்' என்பார்கள். மாமா வரமாட்டார். ஒருமுறை ஒரு பெரியவர் கையில் டிஃபன் பாக்ஸோடு என்னைப் பார்த்து "தம்பி, சாதம் கெட்டுப்போகும், அவன் எப்போது வருவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது.

அண்ணாநகர் மேற்கு | புதன், மதியம் 1.10

போளூர் விஷயம் மறந்துதான் போயிருந்தேன். குழுவில் அழித்துவிட்டேன், அட்மினிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் நான் போடுவதற்கு முன்னாலேயே அது பத்துக் குழுவுக்குப் போயிருக்கும்.

வழக்குக் கட்டு | புதன், மதியம் 1.30

சரி, ஆக வேண்டியதைப் பார்ப்போம். ரயில்வே உதவிக்கு 139. முதியோருக்கென்று தனியாக 14567 இருக்கிறது, பெண்களுக்கு 181. ஆள் மனநலம் பாதித்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறவராக இருந்தால் 2017-ம் வருஷ மனநலச் சட்டத்தில் பிரிவு 100 இருக்கிறது. அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டியது காவல் நிலையத்தின் கடமை. வீடில்லாதவர் என்றால் காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தையும் தேட வேண்டும். இங்கே பான்யன் போல 1993-ல் இருந்தே இந்த வேலையைச் செய்கிற அமைப்புகளும் உண்டு.

ஆவடி லோக்கல் | புதன், மதியம் 1.50

வக்கீல் சார், அவருக்கு மனநலப் பிரச்சினை என்று யார் சொன்னது? மூன்று நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் மனநோயாளியா? அப்படிப் பார்த்தால் எங்கள் ஆபீஸில் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வழக்குக் கட்டு | புதன், மதியம் 1.55

'பாதித்து' என்று சொல்லவில்லை ஐயா, 'பாதித்து இருந்தால்' என்றேன். ஒரு 'இருந்தால்' விட்டுப்போனால் வழக்கே மாறிவிடும்.

வியாசர்பாடி பேத்தி | புதன், மாலை 4.30

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு அவசரமாக எழுதுகிறேன்.

கன்னத்தில் பூசியிருப்பது தனக்கா. பர்மாவில் வளரும் ஒரு மரத்தின் பட்டை. வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்து, வெயிலுக்காகவும் குளிர்ச்சிக்காகவும் முகத்தில் தடவுவார்கள். எங்கள் பாட்டி சாகும்வரை தடவினார். பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் 'உன் பாட்டி ஏன் முகத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்' என்று கேட்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும். அது மந்திரமும் இல்லை, கும்பலின் அடையாளமும் இல்லை. எங்கள் வீட்டுப் பவுடர்.

எங்கள் தாத்தா பாட்டி ரங்கூனில் இருந்து கப்பலில் வந்தவர்கள். 1962-ல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார், கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தது முழுக்க நூறு கியாட் நோட்டு. அதில் ஒன்றை மட்டும் பாட்டி ஃபிரேம் போட்டு வைத்திருந்தார். பாரிமுனை பர்மா பஜார், அங்கே விற்கிற அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் எல்லாம் அப்படி வந்தவர்களால் வந்ததுதான்.

இந்தப் பாட்டி ஹவுரா மெயிலில் வந்தார் என்றால் எனக்கு ஓர் ஊர்தான் தோன்றுகிறது: மணிப்பூரில் பர்மா எல்லையில் இருக்கிற மோரே. அங்கே இன்றைக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். கப்பலில் இங்கே வந்து, பிழைக்க வழி தெரியாமல், தரை வழியாக மறுபடி பர்மாவுக்கே போகலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டவர்கள்.

ஒன்று கேட்கட்டுமா, தப்பாக நினைக்காதீர்கள். மூன்று நாளில் அவரிடம் யாராவது தமிழில் பேசினீர்களா?

பூங்காநகர் பாசஞ்சர் | புதன், மாலை 4.42

இல்லை.

ஆவடி லோக்கல் | புதன், மாலை 4.50

போர்ட்டர் அண்ணனும் இந்திதான் பேசினாராம். டீக்கடைக்காரரும். பாட்டி தலையை மட்டும் ஆட்டினாராம்.

வியாசர்பாடி பேத்தி | புதன், மாலை 4.55

நாளைக்கு அரை நாள் லீவு போடுகிறேன். யாராவது வருகிறீர்களா?

கறுப்புக் கோட்டு | புதன், மாலை 5.05

நான் வருகிறேன் அம்மா. பெரம்பூரில்தான் இருக்கிறேன். ஸ்டேஷனில் பழைய ஆட்கள் சிலர் இன்னும் என் முகத்தை மறக்கவில்லை, உதவும்.

வியாசர்பாடி பேத்தி | வியாழன், இரவு 8.10

நீளமாக எழுதப்போகிறேன், பொறுமை இருந்தால் படியுங்கள்.

காலை ஏழே முக்காலுக்குப் போனோம். தூண் பக்கத்தில்தான் இருந்தார். கூட்டுகிற அக்கா ஒருவர் அவருக்குப் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்திருந்தார், மூன்று நாளாக அந்த அக்காதான் கொடுக்கிறாராம். இரவில் பெண்கள் தங்குமிடத்துப் பக்கம் படுத்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். நாம் இங்கே உட்கார்ந்து காலப் பயணம் பேசிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா பன் வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பாட்டி, தனக்கா எங்கே வாங்கினது?" என்று கேட்டேன்.

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, நீ தமிழா? இந்த ஊர்ல எல்லாரும் இந்தியில்ல பேசுறாக!" என்றார்.

கறுப்புக் கோட்டு சார் திரும்பி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சுத்தமான சிவகங்கைப் பக்கத் தமிழ். என் தமிழைவிட நன்றாக இருந்தது. மோரேதான். பத்து வயதில் அப்பா, அம்மா, அண்ணனோடு கப்பலில் இங்கே வந்திருக்கிறார். அப்பாவுக்கு இங்கே வேலை எதுவும் சரிப்படவில்லை. மறுபடி ரங்கூனுக்கே போவோம் என்று எல்லாரையும் கிளப்பினார். அண்ணனுக்கு அப்போது பதினாறு. அவர் மட்டும் 'நான் வரலை' என்று மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் பையனாகச் சேர்ந்துவிட்டார். பின்னால் சொந்தமாகவே ஒரு சின்னக் கடை. வருஷா வருஷம் பொங்கலுக்குத் தங்கைக்கு ஒரு தமிழ்ப் புத்தகம் பார்சல் வரும். மோரேயில் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? அவர் எழுதப் படிக்க மறக்காமல் இருந்ததே அதனால்தானாம்.

அந்தக் காக்கித் தாள், கடைசிப் பார்சலைச் சுற்றி வந்தது. இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. ஒரு பக்கம் மோரே முகவரி. மறு பக்கம் பென்சிலில்: 'நீ வந்தால் சென்ட்ரலில் இறங்கி வெளியே வா. வலது கைப் பக்கம் சிவப்புக் கட்டடம். மூர் மார்க்கெட் என்று கேள், சின்னப் பிள்ளையும் சொல்லும்.' கீழே கடை எண். தபால் முத்திரையில் 1985 படிக்க முடிகிறது, மாதம் அழிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பார்சல் வரவில்லை. இவர் எழுதிய கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. தீ விபத்து விஷயம் அவருக்கு இன்று காலைவரை தெரியாது. நான்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நள்ளிரவு வாசகன் | வியாழன், இரவு 8.35

படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம், கேட்டால் திட்டாதீர்கள். மோரேயில் ஃபோன் இல்லையா? ஒரு தடவை தேடியிருந்தால் தெரிந்திருக்குமே.

வியாசர்பாடி பேத்தி | வியாழன், இரவு 8.50

தேடினார்கள். பேரன் ஃபோனில் தட்டினானாம். 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ், சென்னை' என்று மேப்பில் புள்ளி வந்ததாம். "இருக்கு பாட்டி, சென்ட்ரலுக்குப் பக்கத்துலயே இருக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினானாம். 2023 கலவரத்துக்குப் பிறகு அங்கே அவர்கள் கடை சரியாக ஓடவில்லை, கூட வர யாருக்கும் கையில் காசு இல்லை. ஃபோன் கொடுத்துத்தான் விட்டிருக்கிறான், அது ஹவுராவில் கூட்டத்தில் தொலைந்துவிட்டது. மூன்று நாளாக அங்கே வீட்டில் யாரும் தூங்கவில்லை. என் ஃபோனில் கூப்பிட்டுக் கொடுத்தபோது இருவரும் பேசியது பாதித் தமிழ், பாதி எனக்குப் புரியாத ஏதோ மொழி.

மணிக்கூண்டு | வியாழன், இரவு 9.05

அம்மா, எரிந்த பிறகு கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய புத்தகக் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. பாட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்து நடக்கிற தூரம்தான். அங்கே கேட்டுப் பார்த்தீர்களா? வேண்டுமானால் சனிக்கிழமை நானே போய்க் கேட்கிறேன்.

கறுப்புக் கோட்டு | வியாழன், இரவு 9.30

போனோம். அதை நான் எழுதுகிறேன், அந்தப் பெண் சாப்பிடட்டும்.

முதல் நாலு கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் இளவட்டம், நீட் கைடும் இன்ஜினியரிங் புத்தகமும் விற்கிறார்கள். மூர் மார்க்கெட் என்றால் 'அப்பாவைக் கேட்கணும்' என்கிறார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணைப் பார்க்கவில்லை, கையெழுத்தைப் பார்த்தார். "இது ரங்கூனார் எழுத்தாச்சே" என்றார்.

தீப்பிடித்த மறுநாள் ரங்கூனார் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டு நின்றாராம். என்ன தேடுகிறாய் என்று கேட்டதற்கு, 'முகவரி நோட்டு' என்றாராம். தங்கை மட்டுமில்லை, வாடிக்கைக்காரர்கள் எல்லார் முகவரியும் அந்த ஒரே நோட்டில்தான். அல்லிக்குளத்துக்கு அவர் வரவில்லை. சில வருஷம் நடைபாதையில் சாக்கு விரித்து விற்றார், அப்புறம் மகள் வீட்டோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டார். இப்போது இருக்கிறாரா, இல்லையா? பெரியவருக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தது கொரோனாவுக்கு முன்னால் என்றார். ஆனால் எண்ணூரில் எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பின்னால் என்று அடையாளம் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அந்தப் பெரியவரிடம் ஒரே ஒரு கேள்வி: "அண்ணன் முடி நரைச்சிருந்துச்சா?"

அண்ணாநகர் மேற்கு | வியாழன், இரவு 9.48

பாட்டி இப்போது எங்கே தங்கியிருக்கிறார்? செலவுக்கு ஏதாவது வேண்டுமா? கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை.

வியாசர்பாடி பேத்தி | வியாழன், இரவு 10.00

எங்கள் வீட்டில்தான். அம்மாவும் அவரும் இரண்டு மணி நேரமாக மொய்ங்கா என்கிற பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ் செய்யும் முறை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பணம் வேண்டாம் சார். ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் போகிறோம், எண்ணூரில் ஸ்டேஷனில் இருந்து உள்ளே போகக் கார் இருந்தால் நன்றாக இருக்கும்.

அண்ணாநகர் மேற்கு | வியாழன், இரவு 10.02

கார் என் பொறுப்பு. நேராக எண்ணூர் ஸ்டேஷன் வாசலுக்கே வந்துவிடுகிறேன்.

பூங்காநகர் பாசஞ்சர் | வியாழன், இரவு 10.20

நானும் வரலாமா? ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கல் குறைவு, முன்னாலேயே வந்துவிடுவது நல்லது. அந்த வண்டியும் அங்கே இருந்துதான் கிளம்பும், பாட்டி உட்கார்ந்திருந்த தூணைத் தாண்டித்தான் பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். மூன்று நாளில் எத்தனை எண்ணூர் வண்டி அவர் கண் முன்னால் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

வியாசர்பாடி பேத்தி | வியாழன், இரவு 10.31

வாருங்கள். காலை எட்டரைக்கு, அதே தூண். ஆனால் தமிழில் பேச வேண்டும், பாட்டி உங்களை மறக்கவில்லை. 'யஹீ ஹை தம்பி' என்றுதான் சொல்கிறார்.

அப்புறம் ஓர் உதவி. அண்ணனைப் பார்க்கப் போகும்போது முகத்தில் தடவ வேண்டுமாம், கொண்டுவந்த தனக்கா தீர்ந்துவிட்டது. டப்பாவில் வருகிற பவுடர் வேண்டாமாம், கட்டைதான் வேண்டுமாம். பர்மா பஜாரில் எந்தக் கடையில் கிடைக்கும், சனிக்கிழமைக்குள் யாராவது சொல்ல முடியுமா?